கணிதப் பட்டறை: மூன்றாம் வாரமே பிள்ளைகள் குறைகிறார்கள், புதிர் போதவில்லையா?

ஒரு வாசகர் கேட்டது, ஜூன் 2

8 வயது முதல் 12 வயது வரை 20 பிள்ளைகள். தன்னார்வலர்கள் 4 பேர். வாரம் ஒரு நாள், ஒன்றரை மணி நேரம். ஒவ்வொரு வகுப்புக்கும் 12 புதிர்கள் அச்சடித்துக் கொடுக்கிறோம். முதல் வாரம் கலகலப்பாகப் போனது. மூன்றாம் வாரம் பாதிப் பேர்தான் வந்தார்கள். வந்தவர்களும் அரை மணியில் "முடிச்சிட்டேன், அடுத்து என்ன?" என்கிறார்கள். இன்னும் நிறையப் புதிர்கள் வேண்டும் போலிருக்கிறது. எங்கே எடுப்பது?

ஜூன் 2, மாலை

உங்களிடம் புதிர் குறைவாக இல்லை. கூடிப்போயிருக்கிறது. தாளில் 12 கேள்வி இருந்தால் பிள்ளை அதைப் பரீட்சைத் தாளாகத்தான் பார்க்கும். விடை வந்ததா, சரியா, அடுத்தது. ஒரு கேள்விக்கு ஏழெட்டு நிமிடம்தான் கிடைக்கும். அவ்வளவில் தீர்கிற கணக்கைப் பள்ளியிலேயே போடுகிறார்கள், அதற்காக லீவு நாளில் எழுந்து வர வேண்டியதில்லை.

ஒரு வகுப்புக்கு ஒரே கேள்வி எடுங்கள். 8 வயதுப் பிள்ளை உடனே கை வைக்க முடிய வேண்டும், 12 வயதுப் பிள்ளை ஒன்றரை மணி நேரம் தோண்டினாலும் அடி தட்டக்கூடாது. இப்படிப்பட்ட கேள்விகள் நிறைய இல்லை, ஆனால் வருடத்துக்கு முப்பது இருந்தால் போதுமே.

விடை வந்த பிறகுதான் வகுப்பு ஆரம்பம். ஏன் அப்படி வருகிறது? எப்போதும் வருமா? எண்ணை மாற்றினால் என்ன ஆகும்? இந்த மூன்றையும் கேட்காமல் அடுத்த புதிருக்குத் தாவினால், அந்தப் பிள்ளைக்கு ஒரு விடை மட்டும்தான் கிடைத்திருக்கிறது.

ஜூன் 3

"ஒரே கேள்வியை வைத்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் எப்படி ஓட்டுவது" என்று கேட்டிருந்தார்கள். ஒரு வகுப்பை முழுசாகச் சொல்கிறேன்.

இரண்டு பேர் ஆடும் ஆட்டம். நடுவில் 10 பொத்தான். உன் முறை வந்தால் 1 எடுக்கலாம், அல்லது 2. கடைசிப் பொத்தானை எடுப்பவருக்கு வெற்றி. விதி இவ்வளவுதான், அரை நிமிடத்தில் சொல்லி முடித்துவிடலாம்.

முதல் 15 நிமிடம் ஆட மட்டும் விடுங்கள். கேள்வி எதுவும் வேண்டாம். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஜோடியை மாற்றுங்கள். இங்கே இரண்டு இடத்தில் சறுக்கும். ஒன்று, 21 காயும் "1 முதல் 3 வரை எடுக்கலாம்" என்ற விதியுமாக ஆரம்பிப்பது. பல புத்தகங்களில் அப்படித்தான் இருக்கும். ஆனால் ஆட்டம் நீண்டுவிடுவதால் சின்னப் பிள்ளைக்கு முடிவும் தொடக்கமும் சேர்ந்து கண்ணில் படாது, தோற்றது எந்த இடத்தில் என்று திரும்பிப் பார்க்க முடியாது. இரண்டு, தன்னார்வலர் தானே உட்கார்ந்து ஆடி எல்லாரையும் ஜெயிப்பது. மூன்றாவது தோல்வியிலேயே பிள்ளை யோசிப்பதை விட்டுவிட்டு "அந்த ட்ரிக் என்ன, சொல்லுங்க" என்று கேட்கும். நீங்கள் ஆடாதீர்கள்.

பிறகு ஒரே ஒரு கேள்வி: "3 பொத்தான் மீதி இருக்கும்போது உன் முறை வந்தால்?" அனேகமாக எல்லாருக்கும் அது தோல்வி என்று இதற்குள் கை வழியாகவே தெரிந்திருக்கும். ஒரு நீளத் தாளில் 1 முதல் 10 வரை எழுதி, 3-ஐச் சிவப்பாக்கச் சொல்லுங்கள். 6 சிவப்பாவதற்குக் கொஞ்ச நேரம் ஆகும். 9 தானாக வரும். 10-இல் தொடங்குபவர் 1 எடுத்தால் எதிராளி 9-இல் மாட்டுவார் என்று யாராவது கத்துவார்கள். கத்தட்டும். உடனே "சரி" என்று சொல்லிவிடாதீர்கள், பக்கத்து ஜோடியை வைத்துச் சோதிக்கச் சொல்லுங்கள்.

அதன்பின் விதியை மாற்றுவது. 1, 2, 3 எடுக்கலாம் என்றால் சிவப்பு எங்கே? 4-இன் மடங்குகள். கடைசிக் காயை எடுப்பவர் தோற்பார் என்று திருப்பினால் 1, 5, 9, 13. இதற்குள் பெரிய பிள்ளைகள் "எடுக்கக்கூடிய அதிகபட்சத்தோடு ஒன்றைக் கூட்டு, அதன் மடங்கு" என்று சூத்திரம் சொல்லிவிடுவார்கள். அப்போது கொடுக்க வேண்டியது இது: 1, 3 அல்லது 4 மட்டும்தான் எடுக்கலாம், 2 எடுக்கக்கூடாது, கடைசிக் காய் எடுப்பவருக்கே வெற்றி. சிவப்பு எண்கள் 2, 7, 9, 14, 16 என்று போகும். மடங்கு எதுவும் ஒத்துவராது. அடியிலிருந்து ஒவ்வொரு எண்ணாகக் கட்டி ஏறினால்தான் வரும். அப்படி ஏறக் கற்றுக்கொள்வதுதான் அன்றைய கணக்கு.

அதையும் முடித்தவர்களுக்கு இரண்டு சமக் குவியல், உன் முறையில் ஏதாவது ஒரு குவியலிலிருந்து மட்டும் எவ்வளவும் எடுக்கலாம். எதிராளி செய்ததையே அடுத்த குவியலில் செய்தால் வெற்றி என்பதை அவர்களே கண்டுபிடிப்பார்கள். மூன்று குவியலானால் அது நிம். அதன் முழுத் தீர்வை 1901-இல் சார்லஸ் பௌட்டன் வெளியிட்டார். ஒரு வகுப்பில் அது முடியாது, முடிக்கவும் வேண்டாம்.

ஜூன் 5

"எங்கள் தன்னார்வலர்களில் கணிதம் படித்தவர் ஒருவர்தான்" என்ற கவலைக்கு.

அது குறையே இல்லை. கணிதம் நன்றாகத் தெரிந்தவரிடம்தான் நான் கூடுதல் கவனமாக இருப்பேன். பிள்ளை திணறினால் அவர் கை தானாகப் பென்சிலுக்குப் போகும், "x என்று வைத்துக்கொள்" என்று ஆரம்பிப்பார். இரண்டு நிமிடத்தில் விடை வந்துவிடும், யோசித்தது அவராக இருக்கும்.

தன்னார்வலருக்கு வேண்டியது ஒத்திகை. வகுப்புக்கு இரண்டு நாள் முன்பு நால்வரும் உட்கார்ந்து, விடையைப் பார்க்காமல், அதே பொத்தான்களை வைத்து 40 நிமிடம் ஆடுங்கள். எங்கே மாட்டிக்கொண்டீர்களோ அங்கேதான் பிள்ளையும் மாட்டும். அந்த இடத்துக்கு ஒரு கேள்வியைத் தயாராக வையுங்கள். குறிப்பு வேண்டாம், கேள்வி. "இதைவிடச் சின்ன எண்ணில் செய்து பார்த்தாயா?" என்பது பத்தில் எட்டு இடத்துக்குப் பொருந்தும்.

அடுத்தது வாய் மூடுவது. 1970-களில் மேரி பட் ரோ என்பவர் வகுப்பறைகளை ஆராய்ந்தபோது, ஆசிரியர் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருந்தார். அதை 3 நொடி ஆக்கினாலே பதில்கள் நீண்டன, பேசாத பிள்ளைகள் பேசினார்கள். பட்டறையில் 3 நொடிகூடப் போதாது. மனசுக்குள் பத்துவரை எண்ணுங்கள். ஐந்தாவது எண்ணில் சங்கடமாக இருக்கும், அந்தச் சங்கடம் உங்களுக்குத்தான். பிள்ளை அப்போது வேலை பார்த்துக்கொண்டிருக்கும்.

இன்னொன்று. சரியான பதிலுக்கு மட்டும் முகம் மலர்ந்தால் பிள்ளைகள் கணக்கை விட்டுவிட்டு உங்கள் முகத்தைப் படிக்க ஆரம்பித்துவிடும். சரிக்கும் தப்புக்கும் ஒரே குரலில் "எப்படின்னு காட்டு" என்று சொல்லிப் பழகுங்கள்.

ஜூன் 6

பொருட்கள் பற்றிச் சுருக்கமாக. ஜோடிக்கு 25 காய், இரண்டு நிறத்தில். பொத்தான், பாட்டில் மூடி, கூழாங்கல் எதுவானாலும் சரி. உருண்டையாக இருக்கக்கூடாது, மேசையை விட்டு உருண்டோடினால் பத்து நிமிடம் போச்சு. 2 செ.மீ. கட்டம் போட்ட தாள். பெரிய ஒரு பக்கத் தாள், ஜோடிக்கு ஒன்று. தடித்த ஸ்கெட்ச் பேனா. அழிப்பான் வைக்காதீர்கள். அழித்துவிட்டால் அந்தப் பிள்ளை எப்படி யோசித்தது என்பது போய்விடும். குறுக்கே ஒரு கோடு போட்டுவிட்டுப் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள்.

ஜூன் 9

"எனக்கு இது முன்னாடியே தெரியும்" என்று சொல்லும் பிள்ளையை என்ன செய்வது?

உதவி ஆசிரியராக்குவதுதான் எல்லாரும் செய்வது. ஒருமுறை பரவாயில்லை. வாராவாரம் செய்தால் அந்தப் பிள்ளை புதிதாக எதையும் கற்காது, பக்கத்தில் இருப்பவர்களுக்கும் விடை கசிந்துவிடும். அதற்குப் பதில், விதியை மாற்றிப் புது ஆட்டம் உருவாக்கச் சொல்லுங்கள், ஆனால் யார் ஜெயிப்பார் என்று அதற்கே தெரியாத ஆட்டமாக இருக்க வேண்டும். தெரியாத இடத்துக்கு அந்தப் பிள்ளையைக் கொண்டுபோவதுதான் உங்கள் வேலை. வேகமாக விடை சொல்லிப் பாராட்டு வாங்கியே பழகிய பிள்ளைக்கு அங்கே முதலில் கோபம் வரும். விட்டுக்கொடுக்காமல் பக்கத்திலேயே இருங்கள்.

ஜூன் 9, இரவு

ஜூன் 2-இல் "ஒரே கேள்வி" என்று எழுதியதை 9 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு அப்படியே எடுக்க வேண்டாம். அவர்களுக்குக் கேள்வி ஒன்றாகவே இருக்கட்டும், ஆனால் கைவேலை 20, 25 நிமிடத்துக்கு ஒருமுறை மாற வேண்டும். முதலில் பொத்தான், பிறகு தாளில் வண்ணம், பிறகு எழுந்து நின்று ஆட்களே காய்களாக ஆடுவது.

இதற்கு ரொம்பப் பொருத்தமானது தவளை ஆட்டம். ஒரே வரிசையில் 7 கட்டம். இடப்பக்கம் 3 பச்சை, வலப்பக்கம் 3 சிவப்பு, நடுவில் ஒன்று காலி. பச்சை வலப்பக்கம் மட்டும், சிவப்பு இடப்பக்கம் மட்டும் நகரும். பக்கத்துக் காலிக் கட்டத்துக்கு நகரலாம், அல்லது எதிர் நிறக் காய் ஒன்றைத் தாண்டலாம். இரு நிறமும் இடம் மாற 15 நகர்வு. 3-ஐக் கையில் கொடுக்காமல் ஒன்றுக்கு ஒன்று என்று தொடங்குங்கள்: 3 நகர்வு. இரண்டுக்கு இரண்டு: 8. அதன்பின் 15, 24. ஒவ்வொன்றோடும் 1 சேர்த்தால் 4, 9, 16, 25 என்று வர்க்க எண்கள் வருவதை 10 வயதுப் பிள்ளைகள் கண்டுகொள்வார்கள். சின்னவர்கள் தரையில் கட்டம் போட்டுத் தாங்களே தவளையாகட்டும்.

நகர்வை எண்ணுவதற்கென்று தனியாக ஒரு பிள்ளையை உட்கார வையுங்கள். நகர்த்தும் பிள்ளையே எண்ணினால் 14, 16 என்றெல்லாம் வரும்.

ஜூன் 14

நிரூபணம் என்று ஒன்று ஏன் வேண்டும் என்பதைப் பிள்ளைகளுக்கு விளக்கிச் சொல்லிப் பயனில்லை, அவர்கள் நம்பிய ஒன்று உடைய வேண்டும். அதற்கு இந்தக் கேள்வியைவிட நல்லதை நான் பார்க்கவில்லை.

வட்டத்தின் மேல் சில புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியையும் மற்ற எல்லாப் புள்ளிகளோடும் நேர்கோட்டால் இணை. வட்டம் எத்தனை துண்டாகிறது? 1 புள்ளிக்கு 1, 2-க்கு 2, 3-க்கு 4, 4-க்கு 8, 5-க்கு 16. எல்லாரும் அடுத்தது 32 என்பார்கள். எண்ணிப் பார்த்தால் 31.

நடத்தும்போது கவனிக்க வேண்டியவை. வட்டத்தின் ஆரம் 8 செ.மீ.க்குக் குறையக்கூடாது. பென்சில் கூராக இருக்க வேண்டும், இல்லையென்றால் சின்னத் துண்டுகள் கோட்டுக்குள் மறைந்துவிடும். ஒவ்வொரு துண்டுக்குள்ளும் எண் எழுதிக்கொண்டே எண்ண வேண்டும், விரல் வைத்து எண்ணக்கூடாது. 32 என்று முன்பே நம்பிவிட்ட பிள்ளை எப்படியாவது 32 எண்ணிவிடும். அந்தத் தாளை இன்னொரு ஜோடியிடம் கொடுத்து எண்ணச் சொல்லுங்கள்.

ஜூன் 15

செய்து பார்த்தவர் ஒருவர், தனக்கு 31-உம் வரவில்லை, 30 வருகிறது என்கிறார். சரியாகத்தான் எண்ணியிருக்கிறீர்கள். 6 புள்ளிகளையும் சம இடைவெளியில் வைத்திருப்பீர்கள். ஒழுங்கு அறுகோணத்தில் எதிரெதிர் முனைகளை இணைக்கும் மூன்று கோடுகளும் மையத்தில் ஒரே புள்ளியில் வெட்டும். நடுவில் வர வேண்டிய குட்டி முக்கோணம் காணாமல் போகும். புள்ளிகளைக் கோணல்மாணலாக வைத்தால் 31.

ஆனால் இதைப் பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டாம். வகுப்பில் 30, 31, 32 என்று மூன்று விடை வந்து நின்றால், அதற்குமேல் யாரும் தூண்ட வேண்டியதில்லை. பலகையில் மூன்றையும் எழுதிவிட்டு, தாள்களை அருகருகே ஒட்டி, "எதில் என்ன வித்தியாசம்?" என்று மட்டும் கேளுங்கள்.

பெரியவர்களுக்குக் காரணம்: ஒன்றும் வரையாதபோது 1 துண்டு. ஒவ்வொரு கோடும் 1 கூட்டும், இரு கோடுகள் உள்ளே வெட்டும் ஒவ்வொரு புள்ளியும் இன்னொரு 1 கூட்டும். 6 புள்ளிக்கு 15 கோடு. எந்த நான்கு புள்ளியை எடுத்தாலும் ஒரு வெட்டு; ஆறில் நான்கை 15 விதமாக எடுக்கலாம், அதனால் 15 வெட்டு. 1 + 15 + 15 = 31. இதை வைத்து 7 புள்ளிக்கு 57 என்று முன்கூட்டியே கணித்துவிட்டு, பிறகு வரைந்து சரிபார்க்கிற பிள்ளையின் முகத்தை நீங்கள் பார்க்க வேண்டும்.

ஜூன் 20

எண் விளையாட்டு கேட்டவர்களுக்கு இரண்டு.

6174. இந்தியப் பள்ளி ஆசிரியர் கப்ரேகர் கண்டது, 1949-இல் வெளியானது. எல்லா இலக்கமும் ஒன்றாக இல்லாத நான்கு இலக்க எண் ஒன்றை எடு. இலக்கங்களை இறங்குவரிசையில் எழுதி, ஏறுவரிசையில் எழுதியதைக் கழி. திரும்பத் திரும்பச் செய்தால் அதிகபட்சம் 7 படியில் 6174 வந்து நிற்கும். சிக்கல் பூஜ்யத்தில்தான். 2111 எடுத்த பிள்ளைக்கு 2111 − 1112 = 999 வரும். அதை மூன்று இலக்கமாக நினைத்தால் அடுத்த படியில் 0, அதோடு ஆட்டம் நின்றுவிடும். 0999 என்று எழுத வேண்டும்; அப்போது 9990 − 0999 = 8991, வண்டி ஓடும். நான்கு கட்டம் போட்ட தாள் கொடுத்துவிட்டால் இந்தத் தொல்லையே வராது.

இன்னொன்று கொலாட்ஸ். இரட்டை எண்ணானால் பாதியாக்கு, ஒற்றையானால் மூன்றால் பெருக்கி 1 கூட்டு. வந்த எண்ணோடு இதையே திரும்பத் திரும்பச் செய். எல்லா எண்ணும் 1-க்கு வந்து சேருமா என்பது 1937-இலிருந்து இருக்கிற கேள்வி, இன்றுவரை யாரும் நிரூபிக்கவில்லை. 20 வரை உள்ள எண்களோடு நிறுத்துங்கள், 9 எடுத்தவருக்கே 19 படி ஆகும். யாராவது 27-ஐத் தொட்டால் 111 படி, நடுவில் 9232 வரை ஏறும். பாதி வழியில் ஒரு பெருக்கல் பிசகினாலும் அழுகைதான். தப்பைப் பிடிக்க எளிய வழி: ஒற்றை எண்ணுக்கு அடுத்தது கட்டாயம் இரட்டையாக இருக்கும். இரண்டு ஒற்றை அடுத்தடுத்து வந்திருந்தால் அங்கே பிசகு. "ஏன் கட்டாயம்?" என்பதே ஒரு அரைமணி நேரக் கேள்வி. எல்லார் சங்கிலியையும் ஒரே பெரிய தாளில் கிளை கிளையாகச் சேர்த்து வரையுங்கள், ஒருவருடைய எண் இன்னொருவருடைய வழியில் வந்து சேர்வதைப் பிள்ளைகளே தேடிப் பிடிப்பார்கள்.

ஜூன் 27

பெற்றோர், வருகை, பாதுகாப்பு.

பெற்றோர் அறைக்குள் உட்கார வேண்டாம். உட்கார்ந்தால் பின்னாலிருந்து விடை வரும். கடைசிப் பத்து நிமிடம் உள்ளே அழைத்து, பிள்ளை அவர்களோடு அந்த ஆட்டத்தை ஆடட்டும். வீட்டில் அந்த வாரம் முழுக்கப் பேச்சு நடக்கும்.

எந்தப் பிள்ளையோடும் ஒரு பெரியவர் தனியாக இருக்கக்கூடாது. எப்போதும் இரண்டு பேர், கதவு திறந்தபடி. யார் அழைத்துப் போகலாம் என்ற பட்டியல் கையில் இருக்க வேண்டும். எழுத்து அனுமதி இல்லாமல் புகைப்படம் கூடாது. இதில் தளர்வே கிடையாது.

20 பேரை ஒரே கூட்டமாக வைக்காதீர்கள். ஒரு தன்னார்வலருக்கு 5 பிள்ளை என்பது உங்கள் கணக்குக்கும் ஒத்துவருகிறது. அடுத்த வாரம் கட்டாயம் வரவேண்டும் என்று அதட்டுவதைவிட, தீராத ஒரு கேள்வியோடு அனுப்புவது மேல்.

பரிசு, மதிப்பெண் வைக்கலாமா என்றும் கேட்டார்கள். போட்டிக்கு என்று தனி வரலாறு உண்டு. லெனின்கிராடில் 1934-இலேயே பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணித ஒலிம்பியாட் நடந்தது, பள்ளிக்கு வெளியே பிள்ளைகள் கூடிக் கணக்குப் போடும் 'கணித வட்டங்களும்' கூடவே வளர்ந்தன. போட்டி பிடித்த பிள்ளைகளுக்கு அது நல்ல தீனி. ஆனால் 8 வயதிலிருந்து எல்லாரும் வருகிற அறைக்கு, 2007-இல் தொடங்கிய ஜூலியா ராபின்சன் கணித விழாவின் முறைதான் ஏற்றது: மேசைக்கு ஒரு புதிர், வேண்டிய மேசையில் வேண்டிய நேரம் உட்காரலாம், வெற்றியும் இல்லை தோல்வியும் இல்லை. மதிப்பெண் வைத்த அன்றே மெதுவாக யோசிக்கிற பிள்ளைகள் நின்றுவிடுவார்கள். அவர்களில் எத்தனையோ பேர் ஆழமாக யோசிப்பவர்கள்.

ஜூலை 4

"சதுரங்கப் பலகையில் எதிர் மூலைகள் இரண்டை வெட்டிவிட்டு டோமினோ அடுக்கும் புதிர், பிள்ளைகளுக்குச் சப்பென்று போய்விட்டது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். டோமினோ என்பது அடுத்தடுத்த இரண்டு கட்டத்தை மூடும் அட்டை; மீதிப் பலகையை அவற்றால் முழுக்க மூட முடியுமா என்பதுதான் புதிர். கறுப்பு வெள்ளைப் பலகையைக் கொடுத்திருப்பீர்கள். அதில் விடை அச்சிலேயே இருக்கிறது. வண்ணமில்லாத கட்டத் தாளைக் கொடுங்கள். 8-க்கு 8-உம் வேண்டாம், 4-க்கு 4 போதும்: இரண்டு மூலை போனால் 14 கட்டம், 7 டோமினோ. கட்டம் 2 செ.மீ. என்றால் அட்டையை 3.8-க்கு 1.8 செ.மீ. என்று வெட்டுங்கள், சரியாக 4-க்கு 2 வெட்டினால் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, பொருந்தாததைப் பொருந்தியதாகக் காட்டிவிடும்.

20 நிமிடம் முயலட்டும். "முடியாது போல" என்று முணுமுணுப்பு வந்ததும், முயன்று முடியாததா, யாராலும் முடியாததா என்று கேளுங்கள். வண்ணம் என்ற எண்ணம் வராவிட்டால், ஒரு டோமினோவின் இரண்டு பாதிக்கும் இரண்டு நிறம் பூசச் சொல்லுங்கள், பலகையை அவர்களே பூசுவார்கள். ஒரு நிறம் 8, மற்றது 6. ஒவ்வொரு டோமினோவும் இரண்டிலும் ஒவ்வொன்றை எடுக்கும். முடிந்தது.

அங்கே நிறுத்தாதீர்கள். அடுத்த கேள்விதான் பெரியது: நிறத்துக்கு ஒன்றாக எந்த இரண்டு கட்டத்தை எடுத்தாலும் மீதியை அடுக்க முடியுமா? முடியும். ரால்ஃப் கோமரி காட்டிய வழி: எல்லாக் கட்டத்தின் வழியாகவும் ஒருமுறை மட்டும் சென்று, தொடங்கிய இடத்துக்கே திரும்பும் பாதை ஒன்றை வரை. எடுத்த இரண்டு கட்டமும் அந்த வளையத்தை இரண்டு துண்டாக்கும், ஒவ்வொரு துண்டிலும் இரட்டை எண்ணிக்கையில் கட்டங்கள், வரிசையாக டோமினோ வைத்துக்கொண்டே போகலாம். 4-க்கு 4-இல் அந்தப் பாதையைப் பிள்ளைகளே தேட அரை மணி விடுங்கள். கிடைத்ததும் 5-க்கு 5-இல் தேடச் சொல்லி வீட்டுக்கு அனுப்புங்கள். 25 கட்டத்தில் அப்படி ஒரு வளையம் வராது, காரணம் அவர்கள் பூசிய நிறத்திலேயே இருக்கிறது.